கரண்ட் ஒயரில் நொடியில் போகிறது, என் கை நரம்பில் மட்டும் வினாடிக்கு 54 மீட்டர்தானா?

காயில்காரன்_ஆவாரம்பாளையம் (கேள்வி)

வணக்கமுங்க. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஆவாரம்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போர்வெல் சப்மெர்சிபிள்தான் அதிகம் வரும், நடுவில் கம்ப்ரசர், கிரைண்டர். ஸ்லாட்டில் காயில் இறக்குவது, இன்சுலேஷன் பேப்பர் சொருகுவது, நூல் போட்டு இறுக்குவது எல்லாம் வலது கை பார்க்கிற வேலை. கொஞ்ச காலமாக ராத்திரியில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் தூக்கம் கலைகிறது. எழுந்து கையை உதறினால் சரியாகிவிடும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் நர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் எழுதிக்கொடுத்தார், எடுத்துவிட்டேன். அவரைத் திரும்பப் பார்க்க அடுத்த வாரம்தான் நாள் கிடைத்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் வலது கை மீடியன் மோட்டார் என்று போட்டு மணிக்கட்டில் 5.2, முழங்கையில் 9.6 மில்லிசெகண்ட், தூரம் 238 மில்லிமீட்டர், வேகம் வினாடிக்கு 54 மீட்டர் என்று இருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். நரம்பில் போவதும் கரண்ட்தான் என்று சொல்கிறார்கள். காப்பர் ஒயரில் ஸ்விட்ச் போட்டால் சிக்னல் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்குப் போகும். இங்கே வெறும் 54 மீட்டர். பைக்கே பாதி தூரம் துரத்திவிடும்! என் நரம்புக்கு இன்சுலேஷன் போய்விட்டதா? மோட்டார் என்றால் மெக்கர் வைத்துப் பார்த்துவிடுவேன், கைக்கு என்ன வைப்பது?

இசிஇ_மூன்றாம்வருடம்

அண்ணா, ஒயரில் எலக்ட்ரான், நரம்பில் அயனி. அயனி கனமானது, அதனால் மெதுவாகப் போகும். சிம்பிள்.

காயில்காரன்_ஆவாரம்பாளையம்

தம்பி, அப்படியென்றால் யூபிஎஸ் பேட்டரி ஆசிட்டுக்குள் ஓடுவதும் அயனிதானே? கரண்ட் போனவுடன் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறதே. உன் பதில் எனக்குப் பத்தவில்லை.

ஊசிஎலக்ட்ரோடு

அண்ணா, நான் கோவையில் இந்த டெஸ்ட் எடுக்கிற டெக்னீசியன். நோய் என்ன என்று சொல்வது டாக்டர் வேலை, அதை நான் சொல்ல மாட்டேன். நம்பர் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், 54 நல்ல நம்பர். கையில் 50க்கு மேல், காலில் 40க்கு மேல் இருந்தால் வேகத்தைப் பற்றி நாங்கள் கவலைப்பட மாட்டோம். மணிக்கணக்கில் போட்டால் 194 கிலோமீட்டர், அவினாசி ரோட்டில் எந்த பைக்கும் துரத்த முடியாது. மனித உடம்பில் ஆக வேகமான நரம்பிழையே வினாடிக்கு 120 மீட்டர் வாக்கில்தான்.

பேட்டரி பற்றி நீங்கள் தம்பியைக் கேட்டது சரியான கேள்வி. காப்பரில்கூட எலக்ட்ரான் ஓடிப்போய் பல்பை எரிப்பதில்லை. அது நகர்வது வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு முனையில் கொடுத்த தள்ளல்தான் மறுமுனைக்கு உடனே போய்ச் சேருகிறது. நரம்பிழைக்குள் இருக்கிற உப்புநீரிலும் அப்படித் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் அந்த நீரின் ரெசிஸ்டன்ஸ், அதே கனமுள்ள காப்பரைவிடக் கோடி மடங்குக்கு மேல். இழையின் கனமோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. சுவரும் ஒழுகும். நீங்களே சொல்லுங்கள், அந்தக் கேஜில், அந்த ரெசிஸ்டன்ஸில், லீக்கேஜோடு ஒரு ஒயர் இழுத்தால் வோல்டேஜ் எவ்வளவு தூரம் தாங்கும்? சில மில்லிமீட்டரில் செத்துவிடும். முழங்கையில் கொடுத்தது விரலுக்கு வராது.

அதனால் நரம்பு வேறு வழி வைத்திருக்கிறது. கரண்ட்டை நெடுக ஓட்டாமல், சுவருக்குக் குறுக்கே ஓட்டுகிறது.

சுவருக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இதற்கென்று சுவரில் ஒரு பம்பு உண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது. உள்ளே இருக்கிற பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதால் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் வாக்கில் மைனஸில் நிற்கும். 70 மில்லிவோல்ட் என்றதும் சிரிக்காதீர்கள். சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 10,000 வோல்ட் வருகிறது! காற்று 3,000 வோல்ட்டிலேயே பொறி விடும். கொழுப்பில் செய்த அந்த மெல்லிய படலம் இதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இப்போது ஓர் இடத்தில் அந்த 70, 55 வரை குறைந்தால் அங்கே இருக்கிற சோடியம் வாசல்கள் படபடவென்று திறந்துகொள்ளும். வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாயும். மைனஸ் 70 ஆக இருந்தது பிளஸ் 30, 40 வரை போய், வாசல் மூடி, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடத்தின் ஆட்டம் பக்கத்து இடத்தையும் 55க்கு இழுத்துவிடும். அங்கே வாசல் திறக்கும். அது அடுத்ததை இழுக்கும்.

கரும்பு வெட்டின தோட்டத்தில் சோகைக்கு, அதாவது காய்ந்த கரும்புத் தோகைக்கு, ஒரு மூலையில் நெருப்பு வைப்பார்களே, அந்த மாதிரி. வைத்த நெருப்பு அந்தக் கோடிக்கு நடந்து போவதில்லை, அங்கங்கே கிடக்கிற சோகை அங்கங்கே எரிகிறது. அதனால்தான் கடைசி மூலையிலும் முதல் மூலையில் எரிந்த உயரத்துக்கே எரிகிறது. எரிந்த இடம் உடனே மறுபடி பிடிக்காது, ஆகவே நெருப்பு முன்னே மட்டும்தான் போகும். நரம்பிலும் எரிந்து முடித்த துண்டு ஒரு மில்லிசெகண்ட் வாக்கில் எதற்கும் அசையாது. ஒரே வித்தியாசம், நரம்பில் அடுத்த நொடியே சோகை மறுபடி தயார்.

ஒவ்வோர் இடமும் 55ஐத் தொட்டு வாசல் திறக்கப் பிடிக்கிற நேரம் கூடிக்கூடித்தான் உங்கள் வேகம் இவ்வளவில் நிற்கிறது. காப்பரில் அந்த வேலையே இல்லை. தம்பி சொன்ன கனமான அயனி இங்கே பிரச்சினை இல்லை. அயனி போகிற தூரம் சுவரின் தடிமன் மட்டும்தான்.

சரி, இன்சுலேஷன். அது உண்மையாகவே இருக்கிறது, மயலின் என்று பெயர். கொழுப்புப் படலம் இழையைச் சுற்றிச் சுற்றிச் சுருட்டியிருக்கும், சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை சின்ன இடைவெளி விட்டு. சோடியம் வாசல்கள் அந்த இடைவெளிகளில்தான் குவிந்திருக்கின்றன. சுருட்டிய பகுதியில் லீக்கேஜ் குறைவு என்பதால் தள்ளல் உயிரோடு அடுத்த இடைவெளி வரை போய்விடும், அங்கே புதிதாக ஒரு வெடிப்பு. மில்லிமீட்டருக்குப் பல தடவை திறந்து மூடுவதற்குப் பதில் ஒரு தடவை. மயலின் இல்லாத மெல்லிய இழைகள் வினாடிக்கு அரை மீட்டர், இரண்டு மீட்டர் என்றுதான் போகும். எரிச்சல் வலியைச் சுமப்பவை அவைதான். கால் கட்டைவிரலைக் கல்லில் இடித்தால் முதலில் சுரீர் என்று ஒன்று, அப்புறம் ஆறப்போட்டு இன்னொரு வலி வருமே, இரண்டாவது இந்த இழைகளில் வருவது.

கணவாய் மீன் மயலின் இல்லாமலே சமாளிக்கிறது. எப்படி? கேஜைக் கூட்டிவிட்டது. அதன் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்கும், கண்ணால் பார்க்கலாம். அவ்வளவு பெரியதாக இருந்ததால்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பேர் அதற்குள் எலக்ட்ரோடு விட்டு அளந்தார்கள். மேலே நான் சொன்ன சோடியம், பொட்டாசியம் கதை முழுவதையும் கணக்காக 1952ல் எழுதினார்கள், 1963ல் நோபல். ஆனால் அத்தனை கனம் இருந்தும் அதன் வேகம் வினாடிக்கு 20, 25 மீட்டர்தான். உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பல பத்து மடங்கு மெலிந்தது, வேகம் இரண்டு மடங்கு. மயலின் சுருட்டினதன் லாபம் இது. உக்கடம் மார்க்கெட்டில் கணவாய் வாங்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும், வீட்டில் திட்டு வாங்குவேன்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். மீடியன் மோட்டார் என்றால் மீடியன் நரம்பில் சதையை இயக்குகிற இழைகள். நாங்கள் மணிக்கட்டில் ஒரு ஷாக், முழங்கையில் ஒரு ஷாக் கொடுத்து, பெருவிரல் மேட்டுச் சதை எப்போது துடிக்கிறது என்று பார்க்கிறோம். 9.6ல் 5.2 போனால் 4.4. டேப்பில் அளந்த 238 மில்லிமீட்டரை 4.4ஆல் வகுத்தால் 54. இரண்டு இடத்தில் தூண்டிக் கழிக்கிற இந்த வேலையை 1850லேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலில் செய்துவிட்டார், வினாடிக்கு 30 மீட்டருக்குப் பக்கமாக வந்தது. அதற்கு முன்னால் அவருடைய வாத்தியாரே நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று சொல்லிவைத்திருந்தார். மிஷின் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கவனியுங்கள், 54 என்பது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் உள்ள நரம்பின் வேகம் மட்டும். மணிக்கட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை அந்த 5.2தான் சொல்லும். மணிக்கட்டிலிருந்து சதைக்கு 8 சென்டிமீட்டர் வாக்கில்தான் தூரம். பல இடங்களில் அதற்கு 4 மில்லிசெகண்டைக் கொஞ்சம் தாண்டுவது வரை சரி என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அதற்கும் மேல். டாக்டரிடம் காட்ட வேண்டியது அந்த நம்பரை. உணர்ச்சி நரம்பு அளவையும் அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் கேளுங்கள். மணிக்கட்டின் குறுகிய சந்தில் மீடியன் நரம்பு நெருக்கப்பட்டால் இந்த மாதிரிதான் வரும். திருப்பூர் டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள் எங்கள் ரூம் வாசலில் எப்போதும் இருப்பார்கள். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதனால்தான் அது தப்பித்தது.

இன்னொன்று. டெஸ்ட் எடுத்த அன்று கை சில்லென்று இருந்ததா? ஒரு டிகிரி குறைந்தால் வேகம் இரண்டு மீட்டர் வாக்கில் குறையும், 5.2 மாதிரி நேரங்கள் கூடும். மார்கழியில் வால்பாறையிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து வருபவர்களுக்குக் கையைச் சூடு பண்ணாமல் நான் வயரே ஒட்ட மாட்டேன்.

காயில்காரன்_ஆவாரம்பாளையம்

அம்மணி, இப்படி யாரும் சொன்னதில்லைங்க. ஏசி ரூம்தான், ஆனால் வெந்நீர்ப் பை கொடுத்துச் சூடு பண்ணித்தான் எடுத்தார்கள்.

ஒரு கணக்கு உதைக்கிறது. 8 சென்டிமீட்டரை 54ல் போனால் ஒன்றரை மில்லிசெகண்ட்தான் வருகிறது. நல்ல கையிலும் 3, 4 வரும் என்கிறீர்கள். மீதி நேரம் எங்கே போகிறது?

ஊசிஎலக்ட்ரோடு

பட்டறைக்காரர் என்பது தெரிகிறது! கொஞ்சம், நரம்பு கடைசியில் கிளை பிரிந்து மெலிந்து போகிற இடத்தில் போகிறது. இன்னொரு பகுதி, நரம்பு முடிந்து சதை ஆரம்பிக்கிற இடத்தில். அங்கே இரண்டும் ஒட்டியிருக்காது. எனக்கு இப்போது டூட்டி, கோபி ஐயா இருந்தால் சொல்லட்டும்.

கோபி_விலங்கியல்வாத்தியார்

சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

நரம்பு நுனிக்கும் சதைக்கும் நடுவே மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. இவ்வளவு நேரம் ஓடிவந்த மின்துடிப்பு அதைத் தாண்டாது. நுனிக்கு வந்ததும் கால்சியம் வாசல்களைத் திறந்துவிட்டு அதன் கதை முடிந்துவிடும். உள்ளே வந்த கால்சியம், அங்கே தயாராக நிற்கிற நுண்பைகளைச் சுவரோடு ஒட்டி உடைக்கும். ஒரு பையில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். அவை இடைவெளியில் பரவி, எதிர்ப்பக்க ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் அங்கே வாசல் திறந்து சோடியம் பாயும், சதையில் புதிய துடிப்பு கிளம்பும். இதற்கெல்லாம் அரை மில்லிசெகண்டுக்கு மேல் பிடிக்கும். உங்கள் கணக்கில் உதைத்த நேரத்தில் ஒரு பங்கு இது.

மூளையில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இதே ஏற்பாடுதான், ஆனால் அங்கே எல்லாச் செய்தியும் ‘கிளம்பு’ என்று சொல்வதில்லை. ‘சும்மா இரு’ என்று சொல்லும் வேதிப்பொருள்களும் உண்டு. ஒரு செல்லின் மேல் ஆயிரக்கணக்கான நுனிகள் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 55ஐத் தொட்டால்தான் அது கிளம்பும்.

இது வேதியியல் என்பதை 1921ல் ஓட்டோ லூவி காட்டிய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனியாக உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு விட்டார். நரம்பே தொடாத அதுவும் மெதுவானது. 1936ல் ஹென்றி டேலோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். முப்பது வருடமும் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், பாடத்தில் இல்லாவிட்டாலும்.

வெங்காயக்காடு_தாராபுரம்

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள் ஐயா. சின்ன வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிற அன்று எங்கள் ஆளுக்குக் கண்ணிமையும் கெண்டைக்கால் சதையும் தானாகத் துடிக்கிறது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்கிறார். வெயிலுக்கு என்று விட்டுவிட்டோம். நீங்கள் சொன்ன சமாச்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

கோபி_விலங்கியல்வாத்தியார்

நேரடியான சம்பந்தம் இருக்கலாம், இதை வெயில் என்று விடாதீர்கள். டப்பாவில் ஆர்கனோபாஸ்பேட் வகை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மேலே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அசிட்டைல்கோலின் ஏற்பியிலேயே தங்கினால் சதை இறுக்கியபடியே இருக்கும். அதனால் அந்த இடைவெளியில் ஒரு நொதி அதை உடனுக்குடன் உடைத்துப் போடுகிறது. ஒரே நொதி மூலக்கூறு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். ஆர்கனோபாஸ்பேட் போய் ஒட்டிக்கொள்வது அந்த நொதியில்தான். பூச்சி சாவதும் இதனால், ஆளுக்கு எச்சில் ஊறுவதும் சதை துடிப்பதும் இதனால். மூச்சில் மட்டும் போகாது, தோல் வழியாகவும் ஏறும். நனைந்த சட்டையோடு சாயங்காலம் வரை நிற்பதுதான் பெரிய தப்பு.

அவரை உடனே மருந்து பக்கமிருந்து விலக்கி, துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். அட்ரோபின் என்ற மருந்து சில ஏற்பிகளை மறைத்து எச்சிலையும் மூச்சுக்குழாய் நீரையும் நிறுத்தும். பிராலிடாக்சைம், ஒட்டின விஷத்தை நொதியிலிருந்து பிரிக்கப் பார்க்கும். நேரமானால் பிரியாது. நொதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ரத்தத்தில் பார்க்கவும் முடியும்.

நம் காட்டுப் பாம்புகள் இரண்டும் இதே இடைவெளியில்தான் கை வைக்கின்றன. நல்ல பாம்பு விஷம் வாங்குகிற பக்கத்து ஏற்பிகளை அடைக்கிறது. கட்டுவிரியன் விஷம் அனுப்புகிற நுனியையே கெடுக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டிலும் இமை தொங்கும், மூச்சுச் சதை தளரும். ஆனால் நல்ல பாம்புக் கடியில், விஷமுறிவு மருந்தோடு, அந்த நொதியைக் கொஞ்ச நேரம் அடக்கும் நியோஸ்டிக்மின் கொடுத்தால் பலன் கிடைப்பதுண்டு. அசிட்டைல்கோலின் நிறையச் சேர்ந்து மிச்ச ஏற்பிகளைப் பிடித்துவிடும். கட்டுவிரியன் கடியில் அனுப்புகிற நுனியே கெட்டுவிடுவதால் அது பெரும்பாலும் எடுபடாது, புது நுனி வளரும் வரை வெண்டிலேட்டர்தான்.

வெங்காயக்காடு_தாராபுரம்

டப்பாவில் அதேதான் போட்டிருக்கிறது ஐயா. ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

காயில்காரன்_ஆவாரம்பாளையம்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மணி சொன்ன அதே 5.2ஐத்தான் பேனாவில் வட்டம் போட்டார். ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்திருக்கிறார், கேட்கவில்லை என்றால் பிறகு சின்ன ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. பட்டறையில் பையனுக்கு 230 வோல்ட் பிடித்தால் கை ஏன் விடுவதில்லை? இழுத்து எறிய வேண்டியதுதானே?

ஊசிஎலக்ட்ரோடு

நான் கொடுக்கிற ஷாக் ஒரு மில்லிசெகண்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், ஒரு துடிப்பு, முடிந்தது. ஈபி கரண்ட் வினாடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பு புதிதாகக் கிளம்பும். சதை ஒரு துடிப்பிலிருந்து தளருவதற்குள் அடுத்தது வந்துவிடும், அதனால் துடிப்புகள் ஒன்றாகக் கலந்து ஒரே இறுக்கமாக நிற்கும். முன்கையில் விரலை மடக்கும் சதை நீட்டும் சதையைவிடப் பலமானது, ஆகவே கை மூடிக்கொள்ளும். பையனின் மூளை விடச் சொல்லித்தான் அனுப்பும், ஆனால் அதே நரம்பில் வினாடிக்கு 50 தடவை வேறு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது இது எடுபடாது. 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே பலருக்கு விடுவது கஷ்டம். பட்டறையில், லீக்கேஜ் வந்தால் தானாக அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறீர்களா? கையால் இழுக்கப் போகாமல் மெயினை அணையுங்கள் என்று பையன்களிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம், சில மாதம் கழித்து டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கச் சொன்னால் அன்று கையில் தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் இல்லாமல் வாருங்கள் அண்ணா. வைண்டர் கை என்றாலே ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எனக்குக் கை வலிக்கிறது.